ஹப்புக்குள் இரண்டு கியர், அன்னம்மாளுக்கு இரண்டு நேர்ச்சை

டத்தோ கிராமாட்,
பினாங்கு.

கிள்ளானில் குடியிருக்கும் என் மூத்த அக்கா வெரோனிக்காவுக்கு,

உன் ஒரே தம்பி வில்லியம் இரு கை கூப்பி, பிறகு எழுதுவதற்காக ஒரு கையை மட்டும் எடுத்துக்கொண்டு வரைவது. ஆண்டவர் அருளால் இங்கே நான், டோரதி, மகள் கிறிஸ்டல் மூவரும் சுகம். மெல்பர்னில் மகன் டேரில் சுகம் என்று அவனே சொல்கிறான். அத்தானுக்குச் சர்க்கரை இறங்கியதா, நீ இன்னும் மாடிப்படியில் ஓடித்தான் ஏறுகிறாயா, காணாமல் போன பூனை திரும்பி வந்ததா என்று அறிய ஆவல். என் உடம்பில் இடது முழங்கையைத் தவிர மற்ற எல்லாப் பாகங்களும் உன்னை விசாரித்ததாக எழுதச் சொல்கின்றன. ‘முறிஞ்சிருந்தா புத்தி வந்திருக்கும்’ என்று நீ சொன்னதைக் கேட்டதிலிருந்து முழங்கைக்கு மட்டும் மனது சரியில்லை.

நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். நான் மட்டுமல்ல, தவறிப்போய்ச் சத்தமாக வைத்துவிட்டதால் எதிர்வீட்டு நோர்மாவும் கேட்டாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் உங்கள் அக்கா ரொம்பக் கோபமாக இருக்கிறாரா என்று மலாயில் விசாரித்துவிட்டு, என்னைப் பார்த்துப் பாவப்பட்டு ஒரு தட்டு குவே பலகாரம் கொடுத்தாள். ‘பாதி சைக்கிளில்’ நான் ஊர் சுற்றுவதாகவும், டோரதி அழுதுகொண்டே சமைப்பதாகவும், எனக்கு மூளையில் ஏதோ கழன்றுவிட்டதாகவும், அடுத்த மாதம் நீயே பஸ் ஏறி வந்து என்னை டாக்டரிடம் காட்டப்போவதாகவும் சொல்லியிருக்கிறாய். போனில் பதில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நான் ‘அக்கா’ என்று வாயைத் திறப்பதற்குள் நீ என் அடக்கப் பூசைக்கு யார் யாரைக் கூப்பிடவேண்டும் என்பதுவரை போய்விடுகிறாய். அதனால்தான் கடிதம். நீ வரவேண்டாம் அக்கா. விஷயம் முடிந்துவிட்டது. எப்படி முடிந்தது என்று ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், நடுவில் குறுக்கே பேசாமல் வாசி.

டேரிலுக்கு வேலை கிடைத்து மெல்பர்னுக்குப் போனபோது, அவனுடைய ஒற்றைச் சக்கர சைக்கிளைப் போர்வையில் சுற்றி, ஹாலில் பியானோ இருக்கவேண்டிய இடத்தில் வைத்துவிட்டுப் போனான். (எங்கள் வீட்டில் பியானோ கிடையாது. என்றாவது வாங்குவோம் என்று டோரதி அந்த இடத்தைக் காலியாக வைத்திருக்கிறாள்.) பெரிய சக்கரம் ஒன்று, அதன்மேல் ஒரு சீட்டு, இருபுறமும் ஒவ்வொரு பெடல், அவ்வளவுதான். ஹேண்டில் இல்லை, செயின் இல்லை. டோரதி கூட்டும்போதெல்லாம் அதில் இடித்துக்கொண்டாள். “ஏங்க, பையன்கிட்ட கேட்டுட்டு வித்துடுங்க” என்றாள். டேரிலும் சரி என்றான். நான் இணையத்தில் விளம்பரம் போட்டேன். ஒரு பெண்மணி கூப்பிட்டு மீதிப் பாதி எப்போது வரும் என்று கேட்டார். இன்னொருவர் யானையும் இருக்கிறதா என்றார். உருப்படியாகக் கேட்டவன் ஹஸ்ருல் ஒருவன்தான். அவன் பட்டர்வொர்த் பக்கம் மாக் மண்டினில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறான், தமிழ் முஸ்லிம் பையன், சாதாரண ஒற்றைச் சக்கரம் ஒன்று அவனிடமே இருக்கிறது. “அங்கிள், போட்டோவுல பார்த்தா கியர் ஹப் மாதிரி இருக்கே. ரெண்டாவது கியர் ஒழுங்கா விழுதா? ஓட்டிப் பார்த்தீங்களா?” என்றான். நான் இல்லை என்றேன். “ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்களேன். எனக்கு அவசரமில்ல லா.”

அக்கா, துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த காலமெல்லாம், கண்ணால் பார்க்காத சரக்குக்கு ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று நான் கையெழுத்துப் போட்டதில்லை. அது உனக்கும் தெரியும். ஓய்வு பெற்றுவிட்டதால் மட்டும் அந்தப் பழக்கத்தை விடமுடியுமா? ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன் தம்பி என்று ஹஸ்ருலுக்கு வாக்குக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஏறி உட்காரவே ஒரு மாதம் ஆயிற்று. முதலில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஹாலில், பிறகு வீட்டுக்குப் பின்னால் சந்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு. இந்தச் சக்கரம் விழுவதற்கு முன் தகவல் சொல்லாது. முன்னால் விழுந்தேன், பின்னால் விழுந்தேன், ஒருமுறை ஏறுவதற்கு முன்னாலேயே விழுந்தேன். லோங்காங்கில் விழுந்ததாக நீ கேள்விப்பட்ட சம்பவமும் உண்மைதான், ஆனால் கோயில் வாசலில் அல்ல, சந்து முனையில். சாக்கடையில் அன்று தண்ணீர் குறைவு. நோர்மா பார்த்தாள், பார்க்காததுபோல் உள்ளே போய்விட்டாள். நல்ல பெண்.

ஒருநாள் காலை சுவரை விட்டுவிட்டேன். கை தானாகவே விட்டுவிட்டது அக்கா, நான் முடிவெடுத்து அல்ல. சந்தின் கடைசிவரை போய்த்தான் கையில் ஒன்றுமே இல்லை என்று பார்த்தேன். அந்த நேரத்தில் எனக்கு எப்படி இருந்தது என்று எழுதினால் நீ உடனே டாக்டருக்கு போன் போடுவாய், அதனால் எழுதவில்லை.

அதற்குப்பின் விடியற்காலையில் பாடாங் கோத்தாவுக்கு, கடலோரமாகத் தரை சமமாக இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக ஆரம்பித்தேன். ஓட்டவந்தாலும் ஹஸ்ருலின் கேள்விக்குப் பதில் இன்னும் கிடைக்கவில்லையே. கியர் என்பது என்னவென்று உனக்கும் சொல்லிவிடுகிறேன். சாதாரணமாகப் பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்றுதான் சுற்றும். இந்தச் சக்கரத்தின் நடுவில் ஹப் என்கிற குடத்துக்குள் பல்சக்கரங்களை அடைத்து வைத்திருக்கிறார்கள். அச்சின் இரண்டு முனையிலும் ஒரு குட்டிப் பொத்தான் நீட்டிக்கொண்டிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே கணுக்காலால் ஒரு பக்கத்துப் பொத்தானைத் தட்டினால், பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஒன்றரைச் சுற்றுப் போகும். மறுபக்கத்தைத் தட்டினால் பழையபடி. கேட்பதற்குச் சுலபம். ஆனால் ஒரு கியரிலிருந்து மற்றதுக்கு மாறும் இடைவெளியில் பெடல் எதையும் பிடித்துக்கொண்டிருக்காது. கண் சிமிட்டும் நேரம்தான். அந்த நேரத்தில் கீழே பெடல் இருக்கிறதா இல்லையா என்று காலுக்கே சந்தேகம் வந்துவிடும். தட்டினேன், விழுந்தேன். எழுந்து தட்டினேன், விழுந்தேன். கடலைப் பார்க்க வந்தவர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்தார்கள். கடைசியில் ஒருநாள் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, “அன்னம்மாத் தாயே, விழாம இருந்தா இதுலயே உன் கோயிலுக்கு வரேன்!” என்று கத்திவிட்டேன். உள்ளே ‘டக்’ என்றது. விழவில்லை. யாரோ பின்னாலிருந்து முதுகைப் பிடித்துத் தள்ளுவதுபோல் சக்கரம் பறந்தது.

புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் கோயில் எங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று உனக்கே தெரியும், நடுவில் கடலும் இருக்கிறது. வாயிலிருந்து வந்துவிட்டது, என்ன செய்வது? ஹஸ்ருலுக்கு போன் போட்டு, “தம்பி, ரெண்டாவது கியர் விழுது, ஆனா நேர்ச்சை முடிஞ்சப்புறம்தான் தரமுடியும்” என்றேன். அவன் சிரித்துவிட்டு, “அங்கிள், அவ்ளோ தூரம் போகணும்னா முதல்ல ஹப்புக்குக் கிரீஸ் போடுங்க. கொஞ்சமா லா” என்றான். இங்கேதான் அக்கா, நான் செய்த பெரிய தப்பு. ஹப்பின் ஓரத்தில் ஒரு திருகு இருக்கிறது. அதைக் கழற்றினால் கொசு நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. அதற்குள் கிரீஸ் போகவேண்டுமென்றால் கூர்மையான மூக்கு வைத்த குழல் வேண்டும். வீட்டில் அப்படிப்பட்டது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. டோரதி கேக்கின்மேல் பூப் போடும் ஐசிங் குழல். எடுத்தேன், கிரீஸ் போட்டேன், ‘கொஞ்சமா’ என்றதை மறந்து நிறையவே போட்டேன், பொத்தான் வழியாகப் பிதுங்கி வந்ததைத் துடைத்தேன், குழலைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி இருந்த இடத்திலேயே வைத்தேன். நன்றாகத்தான் கழுவினேன்.

மறுநாள் நம் பங்குக் கோயிலில் ஒரு பிள்ளையின் முதல் நற்கருணைக்கு டோரதி கேக் செய்தாள். வெள்ளைக் கேக், அதன்மேல் வெள்ளை ரோஜாக்கள். ஒவ்வொரு ரோஜாவின் நடுவிலும் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு வந்தது. டோரதி விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் செய்தித்தாளைப் பார்த்தேன். அவள் திட்டவே இல்லை அக்கா, அதுதான் பயமாக இருந்தது. பூவையெல்லாம் வழித்தெடுத்துவிட்டு, விடியும்முன் எழுந்து வேறு கேக் செய்து கொடுத்தாள். அன்று சாப்பாட்டு நேரத்தில் கிறிஸ்டலைப் பார்த்து, என் காதில் விழும்படி, “நானும் அன்னம்மாகிட்ட ஒரு நேர்ச்சை வச்சிருக்கேன். அந்தச் சக்கரம் இந்த வீட்டை விட்டு வெளிய போகணும். போனா பட்டர்வொர்த்துலேருந்து கோயில் வரைக்கும் நடந்தே வரேன்னு சொல்லிட்டேன்” என்றாள்.

கிறிஸ்டல் பாலர் பள்ளி ஆசிரியை. சண்டை போடும் பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைப்பதுதான் அவள் வேலை. “அம்மா, வெளிய போனப்புறம்தானே நடக்கணும்?” என்று கேட்டாள். “நான் முன்கூட்டியே நடந்துடுவேன். அப்புறம் அன்னம்மா செஞ்சுதானே ஆகணும்” என்றாள் டோரதி. ஒரே புனிதைக்கு ஒரே வீட்டிலிருந்து இரண்டு நேர்ச்சை, ஒன்றுக்கொன்று எதிராக. ஹஸ்ருலுக்குத் தருவதாகச் சொன்னேனே தவிர, அதற்குள் எனக்கு அந்தச் சக்கரத்தைப் பிரிய மனமில்லை. யாருடையதை அன்னம்மாள் கேட்பாள் என்று எனக்கே உள்ளுக்குள் கலக்கம்தான். டோரதி உனக்கு முதல் தடவை போன் போட்டது அன்றுதான் என்று நினைக்கிறேன். அவள் அழுதுகொண்டே சமைக்கவில்லை. அது வெங்காயம்.

ஜூலைத் திருவிழாக் கூட்டத்துக்கு முந்தைய ஞாயிறு, முதல் பூசை முடிந்ததும் கிளம்பினோம். கார் ஃபெரியில் போகமுடியாது என்பதால் கிறிஸ்டல் காரைப் பாலத்தின் வழியாகக் கொண்டுவந்தாள். நாங்கள் இருவரும் ஃபெரி ஏறினோம். டோரதி புதுக் கேன்வாஸ் சப்பாத்து, குடை, ஜெபமாலையோடு ஒரு பெஞ்சில். நான் டேரிலின் ஹெல்மெட்டோடும் சக்கரத்தோடும் இன்னொரு பெஞ்சில். ஒரு மலாய்க்காரர் என்னிடம் வந்து, இன்னொரு டயர் கடலில் விழுந்துவிட்டதா என்று கவலையோடு கேட்டார். டோரதி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

பட்டர்வொர்த்தில் இறங்கியதும் அவள் நடந்தாள், நான் ஏறினேன். சின்ன கியரிலேயே நான் அவளைவிட வேகம். முன்னால் போவேன், திரும்பி வந்து அவளைச் சுற்றிக்கொண்டு மறுபடி போவேன். “ஈ மாதிரி சுத்தாதீங்க, எனக்குத் தலை சுத்துது” என்றாள். சரி என்று செபராங் ஜெயா தாண்டி ஒரு நீளமான, நேரான சாலை வந்ததும் பெரிய கியரைத் தட்டினேன். அழகாக விழுந்தது. காற்று முகத்தில் அடிக்க ஒரு பாட்டம் போய்விட்டு, திரும்புவதற்காகச் சின்ன கியரைத் தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை தட்டினேன். பொத்தான் ஆடியதே தவிர உள்ளே எதுவும் அசையவில்லை. பொத்தானைப் பிடித்து வைத்திருக்கும் குட்டித் திருகு வழியில் எங்கோ கழன்று விழுந்துவிட்டது. கிரீஸைத் துடைத்தபோது அதை இறுக்க மறந்திருக்கிறேன். பெரிய கியரில் மெதுவாகப் போகமுடியாது அக்கா, நின்றால் மறுபடி தனியாக ஏறவும் முடியாது, முதல் மிதிக்கு அவ்வளவு பலம் வேண்டும். இளநீர்க் கடை ஒன்றின் முன்னால் புல்லில் மெதுவாகச் சாய்ந்தேன். முழங்கை அப்போதுதான்.

ஹஸ்ருலுக்கு போன் போட்டேன். அவன் ஒரு கல்யாணத்தில் இருந்தான். “திருகு இல்லாம ஒண்ணும் பண்ணமுடியாது அங்கிள்” என்றான். டோரதி வெகு நேரம் கழித்து வந்து சேர்ந்தாள், நொண்டிக்கொண்டு. புதுச் சப்பாத்து இரண்டு குதிகாலையும் கடித்திருந்தது. கிறிஸ்டல் காரைக் கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நிறுத்தினாள். “போதும். ரெண்டு பேரும் காடியில ஏறுங்க.”

“அப்பா ஏறட்டும்” என்றாள் டோரதி.

“அம்மா முதல்ல ஏறட்டும்” என்றேன் நான்.

முதலில் ஏறுகிறவருடைய நேர்ச்சைதான் தோற்கும் என்று இருவருக்கும் தெரியும். யாரும் ஏறவில்லை. கிறிஸ்டல் ஸ்டியரிங்கில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். நான் என் தடித்த காலுறைகளைக் கழற்றி டோரதியிடம் நீட்டினேன். அவள் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டே மாட்டிக்கொண்டாள். பிறகு, “ஏறுறதுக்கு என்ன வேணும்?” என்று கேட்டாள்.

“பிடிச்சுக்க ஏதாவது வேணும். இங்க சுவரும் இல்ல, கம்பமும் தூரமா இருக்கு.”

குடையை மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். “தோளைப் பிடிங்க.”

அக்கா, அவள் தோளைப் பிடித்து ஏறினேன். என் முழு பாரமும் அவள்மேல். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். நான் தடுமாறி உருண்டதும், “பார்த்துப் போங்க!” என்று கத்தினாள். கால் தாங்கும்வரை போய், ஒரு மரநிழலில் இறங்கி, அவளுக்காகக் காத்திருந்தேன். நொண்டி நொண்டி வந்தாள், தண்ணீர் குடித்தாள், தோளைக் கொடுத்தாள். மறுபடி போனேன், மறுபடி காத்திருந்தேன். இப்படியே மலையடிவாரம்வரை. ஒரு இடத்தில், “இவ்ளோ கஷ்டப்பட்டு இதை எதுக்குத்தான் ஓட்டுறீங்க?” என்று கேட்டாள். கோபமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். “மேல இருக்கும்போது வேற எதையும் நெனைக்க முடியல டோரதி. அவ்ளோதான்” என்றேன். அவள், “ம்” என்றாள். கோயில் மணி கேட்கும் தூரம் வந்ததும், “இங்கேருந்து கடைசி வரைக்கும் இறங்காம போங்க, நான் வந்துடுறேன்” என்று சொல்லிக் கடைசி முறையாகத் தோளைக் கொடுத்தாள்.

கோயிலில் இருவரும் மெழுகுவர்த்தி ஏற்றினோம். பக்கத்தில் முழந்தாளிட முடியாமல் அவள் பெஞ்சில் உட்கார்ந்து, என் காலுறைகளோடு கால்களை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தோளில் என் விரல் பதிந்து சிவந்திருந்தது. எனக்கு அங்கேதான் உறைத்தது. அவளுக்கு அந்தச் சக்கரத்தைக் கண்டாலே ஆகாது. நான் வழியில் தோற்றுப்போனால் அவள் கேட்டது தானாக நடந்திருக்கும். அப்படியிருந்தும் ஒவ்வொரு தடவையும் வந்து நின்று என்னை அதன்மேல் ஏற்றிவிட்டாள். என் நேர்ச்சையை முடித்துக்கொடுத்தது அவள்தான். அப்படியானால் அவளுடையதை முடித்துக்கொடுக்கவேண்டியது யார்? வெளியே வந்ததும் ஹஸ்ருலைக் கூப்பிட்டு, புதுத் திருகோடு வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போ தம்பி என்று சொல்லிவிட்டேன். டோரதி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். திரும்பும்போது இருவரும் காரில் ஒரே நேரத்தில் ஏறினோம்.

இன்று காலை ஹஸ்ருல் வந்தான். சந்தில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தான், இரண்டு கியரும் விழுந்தன. நல்ல நிலையில் உள்ளது என்று நானும் மனதாரச் சொன்னேன். எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஹாலில் மறுபடியும் பியானோவுக்கு இடம் இருக்கிறது. ஆகவே அக்கா, பஸ் டிக்கெட்டுக்கு அலையாதே. உன் தம்பி இனி இரண்டு காலில்தான் நடப்பான். காலையில் பாசாருக்குப் போவேன், வந்து டோரதிக்குச் சமையலில் உதவி செய்வேன். என் வயதுக்கு அதுதான் அழகு என்று நீ சொன்னாய். சரிதான்.

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் மூவரின் அன்பு. தினமும் நீ சொல்லும் ஜெபமாலையில் எனக்கென்று ஒரு மணி ஒதுக்கு, முழங்கைக்குத் தனியாக ஒன்று. அன்னம்மாள் உன் வீட்டு வாசற்படியையும் உன் முழங்காலையும் காப்பாளாக.

என்றும் உன் சொல் கேட்கும் தம்பி,
வில்லியம்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்காமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்துவிட்டேன். அதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. இன்று சனிக்கிழமை காலை வாசலில் ஹஸ்ருலின் மோட்டோ சத்தம். வண்டியின் பின்னால் அந்தச் சக்கரம். அவன், “ஆன்ட்டிதான் போன் பண்ணித் திருப்பிக் கேட்டாங்க அங்கிள்” என்றான். டோரதி கையில் மாவோடு சமையலறையிலிருந்து வந்தாள். “ஒரு வாரமா பொழுது விடிஞ்சதுலேருந்து என் அடுப்பங்கரையிலதான் நிக்கிறாரு தம்பி. ஒவ்வொரு டின்னையும் தொறந்து பார்த்து, இது எப்ப வாங்குனது, அது எப்ப வாங்குனதுன்னு பேர் ஒட்டி அடுக்கி வச்சிட்டாரு. சீனி எங்க இருக்குன்னு எனக்கே தெரியல. நேத்து மீன் குழம்புக்குப் புளி ஜாஸ்தின்னு சொல்றாரு லா, என்கிட்ட!” என்றாள். “நேர்ச்சை என்னாச்சு டோரதி?” என்று கேட்டேன். “வீட்டை விட்டு வெளிய போகணும்னுதானே வேண்டிக்கிட்டேன்? போச்சு. திரும்பி வரக்கூடாதுன்னு நான் வேண்டிக்கவே இல்லயே” என்று சொல்லிவிட்டு, ஹெல்மெட்டை என் கையில் திணித்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தால் போதும் என்றாள். ஹஸ்ருலும் தன்னுடைய சாதாரணச் சக்கரத்தை எடுத்து வந்திருக்கிறான், பாடாங் கோத்தாவரை கூட வருகிறானாம். மேலே எழுதியதில் எதை நம்புவது என்று உனக்குக் குழப்பமாக இருந்தால், முதலில் எழுதிய குசல விசாரிப்பை மட்டும் நம்பு. வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது அக்கா, நான் கிளம்புகிறேன்.